வல்லை வெளியில் கேட்ட சத்தம்

யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் வல்லை வெளி என்று ஓரிடம் உண்டு. ஒதுங்க ஒரு மரமில்லை, வீடில்லை. இரு மருங்கும் வெட்டவெளி. சோழகக் காற்று வீசும் மாதங்களில் நெல்லியடிப் பக்கமிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்த வெளியின் நீளம் நன்றாகத் தெரியும். சைக்கிள்காரனுக்குக் காலில் தெரிகிற பாரம் மோட்டார்க்காரனுக்கு எஞ்சினில் தெரியும். 1993ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், அயல்வீட்டுக் கிழவியொருவரை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு அப்பாவின் வாடகைக் கார் அந்த வெளியில் காற்றை எதிர்த்துப் போனது. முன்னாசனத்தில் நான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எஞ்சின் தட்டிக்கொண்டே வந்தது. அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. அக்காலத்தில் எங்கள் ஊரில் ஓடிய எல்லாக் கார்களும் தட்டிக்கொண்டுதான் ஓடின.

பழைய காரொன்றின் எஞ்சின் தட்டுவதற்கு வரலாறு என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். தமிழ் படிப்பிக்கிற எனக்கு இதில் என்ன வேலை என்பதும் நியாயமான கேள்வியே. ஆயினும் அந்தச் சத்தத்தின் பின்னால் போனால் ஒரு பக்கம் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக்கும், இன்னொரு பக்கம் யுத்தகால இங்கிலாந்துக்கும் போய்த்தான் வல்லை வெளிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

முதலில் காரைச் சொல்லவேண்டும். அது ஒஸ்ரின் ஏ-40. சனங்கள் 'ஏ போட்டி' என்பார்கள். 1947இல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்த வகைக்கு அதன் எஞ்சினின் நாற்பது குதிரைவலுவை வைத்தே பெயர் வந்தது. எங்களுடையது 1952க்கும் 1954க்கும் இடையில் செய்யப்பட்ட 'சமசெற்' என்னும் உருண்டை முதுகுக் கார். நான்கு சிலிண்டர், 1200 கன சென்ரிமீற்றர். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் நாட்டில் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் கதவு திறக்கும் வரை, இருந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓடவேண்டிய நிலை. இப்படித்தான் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் எங்கள் பகுதிகளில் நிலைபெற்றன. அவற்றைத் திருத்துவதிலே ஒரு தலைமுறை மெக்கானிக்மார் பழுத்தும் போனார்கள்.

1990 ஆனியில் மீண்டும் யுத்தம் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. பற்றறியும் தடை. மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி கேட்ட மூத்த நேயர்களுக்கு நான் இதனை விவரிக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெய் மட்டும் ஓரளவு கிடைத்தது. புதிய ஜப்பான் கார்கள் கொட்டிலுக்குள் போயின. கிழட்டு ஒஸ்ரின்கள் வீதிக்கு வந்தன. பம்பருக்கு நடுவில் உள்ள துவாரத்தால் இரும்புக் கைபிடியைச் செருகி ஒருவர் சுற்றுவார். மற்றவர் சிறு போத்தலிலிருந்து நாலைந்து சொட்டுப் பெற்றோலைக் காபுறேற்றரின் வாய்க்குள் விடுவார். எஞ்சின் இருமி, செருமி, வெள்ளைப் புகை கக்கி எழும்பும். சூடேறியதும் மண்ணெண்ணெய். பிறகு தட்டத் தொடங்கும்.

ஒரு தமிழாசிரியனாக இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. இரட்டைக்கிளவியை வகுப்பில் விளக்கும்போது சலசல, கலகல என்ற பழைய உதாரணங்களையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். எங்கள் மெக்கானிக்மார் அதனை வைத்து நோய் பார்த்தார்கள். 'கிணுகிணு' என்றால் எரிபொருளின் குற்றம். 'டிக்டிக்' என்றால் வால்வைத் தள்ளுகிற ரப்பெற். 'லொடலொட' என்றால் பிஸ்ரன் தேய்ந்து சிலிண்டருக்குள் ஆடுகிறது. 'டொக்டொக்' என்றால் பிஸ்ரனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டின் அடிப்பக்கம், அதாவது 'பிக் எண்ட்'. 'டம்டம்' என்று அடிவயிற்றிலிருந்து வந்தால் கிராங்கைத் தாங்கும் பெரிய பெயாரிங். ஒற்றைச் சொல்லாகப் பிரித்தால் இவற்றுக்குப் பொருளில்லை என்கிறது இலக்கணம். ஒற்றைத் தட்டுக்கு எஞ்சினிலும் பொருளில்லை. அது திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கில்தான் நோய் தெரியும்.

இவற்றுள் முதலாவதான 'கிணுகிணு'வுக்கே பெரிய வரலாறு இருக்கிறது.

ஒகையோ மாநிலத்தின் டேற்றன் நகரில் சாள்ஸ் கெற்றரிங் என்றொரு பொறியியலாளர் இருந்தார். கைபிடி சுற்றாமல் பற்றறியால் காரை எழுப்பும் கருவி 1912ஆம் ஆண்டுக் கடிலாக் காரில் வந்தது அவருடைய முயற்சியால்தான். பற்றறியிலிருந்து தீப்பொறி எடுக்கும் முறையும் அவருடையதே. அக்காலத்தில் கார்கள் தட்டத் தொடங்கியபோது பழி அவர் தலையில் விழுந்தது. அந்தப் பற்றறித் தீப்பொறிதான் எஞ்சினைத் தட்டவைக்கிறது என்றார்கள். அவரோ தமைக்கேற்ற பதிலைத் தேடினார். 1916இல், கிராமத்து வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்கும் சிறிய இயந்திரமொன்றை அவருடைய நிறுவனம் விற்கத் தொடங்கியது. அது ஓடியது மண்ணெண்ணெயில். அதுவும் தட்டியது!

அந்தத் தட்டலின் காரணத்தைக் கண்டுபிடிக்குமாறு கெற்றரிங் ஒப்படைத்தது தோமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞரிடம். அவர் படித்தது இயந்திரப் பொறியியல், இரசாயனமன்று. சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்பதை அளந்து பார்த்த அவர், தீப்பொறி விழுவதற்கு முன்னரே எரிபொருள் தீப்பற்றுவதால் வருவதன்று இச்சத்தம் என்று கண்டார். தீப்பொறி விழுந்து, சுவாலை ஒரு பக்கத்திலிருந்து பரவிக்கொண்டு வருகிறது. அது வந்து சேருமுன் மூலையில் மிஞ்சிய கலவை அமுக்கமும் சூடும் தாங்காமல் ஒரே கணத்தில் தானாக வெடிக்கிறது. அந்த அதிர்ச்சி சிலிண்டர்ச் சுவரை வினாடிக்குப் பல ஆயிரம் தடவை அதிரச் செய்கிறது. நாம் கேட்கும் 'கிணுகிணு' அதுதான். ஆகவே பற்றறித் தீப்பொறி குற்றவாளியல்ல. எரிபொருளே குற்றவாளி.

இதன்பின் நடந்தது கதைபோல இருக்கும். மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாததாற்றான் தட்டுகிறது என்று இருவரும் ஊகித்தார்கள். அந்நாட்டில் பனி விலகுமுன்னரே பூக்கின்ற ஒரு சிறு செடி உண்டு. அதன் இலையின் பின்புறம் சிவப்பு. சிவப்பு நிறம் வெப்பத்தை உறிஞ்சுவதாற்றான் அது முந்திப் பூக்கிறது, எனவே மண்ணெண்ணெய்க்கும் சிவப்புச் சாயம் போட்டுப் பார்க்கலாம் என்று எண்ணினார்கள். களஞ்சியத்தில் சாயம் இல்லை. அயடின் இருந்தது. கலந்தார்கள், தட்டல் குறைந்தது. பின்னர் உண்மையான சிவப்புச் சாயங்களை வாங்கிக் கலந்தபோது ஒரு பயனும் கிட்டவில்லை. நிறமே இல்லாத அயடின் சேர்வையொன்றோ நன்றாக வேலை செய்தது. எண்ணம் பிழை, பலன் சரி. இப்படி ஒரு பிழையான வழியாலே சரியான வாசலுக்கு வந்து சேர்ந்தவர்கள், அடுத்த ஐந்து ஆண்டுகளில் எத்தனையோ பொருள்களைச் சோதித்தார்கள். தெலூரியம் என்னும் மூலகம் நன்கு வேலை செய்தது. ஆனால் அதனைக் கையாண்டவர்களின் உடம்பிலிருந்து உள்ளி நாற்றம் போகவில்லை. கடைசியில் 1921 டிசம்பர் 9ஆம் திகதி ஈயச் சேர்வையொன்று அகப்பட்டது. ஆயிரத்துக்கு ஒரு பங்கிலும் குறைவாகக் கலந்தாலே தட்டல் நின்றுவிடும். 1923 பெப்ரவரியில் டேற்றனிலேயே முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

இங்கிலாந்தில் ஹரி ரிக்காடோ என்பவரும் இதே சத்தத்தின் பின்னால் போனவர். முதலாம் உலகப் போரில் டாங்கிகளுக்கு எஞ்சின் செய்துகொடுத்தவர். ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்க விகிதத்தை மாற்றக்கூடிய சோதனை எஞ்சினொன்றைச் செய்து, எந்த எண்ணெய் எவ்வளவு அமுக்கத்தில் தட்டத் தொடங்குகிறது என்று வரிசைப்படுத்தினார். பின்னர் 1926இல் கிரஹாம் எட்கார் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் அதற்கு ஓர் அளவுகோலை முன்மொழிந்தார். தட்டவே தட்டாத ஐசோ-ஒக்ரேனுக்கு நூறு, உடனே தட்டுகிற ஹெப்ரேனுக்குப் பூச்சியம். இன்று எங்கள் எரிபொருள் நிலையங்களில் 92, 95 என்று எழுதியிருக்கிறதே, அந்த ஒக்ரேன் எண் இந்த அளவுகோலிலிருந்து வந்ததுதான். தட்டும் சத்தமொன்றுக்குப் போட்ட புள்ளிகளை நாங்கள் பணம் கொடுத்து வாங்குகிறோம் என்று மாணவர்களுக்கு வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இனி, எங்கள் கிழட்டு ஒஸ்ரின் மண்ணெண்ணெயைத் தாங்கியது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை யுத்தகால இங்கிலாந்தில் இருக்கிறது. 1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அங்கே எல்லாக் கம்பனிகளின் பெற்றோலும் ஒன்றாக்கப்பட்டு 'பூல்' என்ற ஒரே பெயரில் பங்கீட்டுக்கு வந்தது. அதன் ஒக்ரேன் எண் எழுபது அளவில்தான். 1950இல் பங்கீடு நின்றும் 1953 வரை அந்தப் பூல் பெற்றோலே ஓடியது. அந்த மட்டமான பெற்றோலுக்கு ஏற்ற மாதிரி வடிவமைக்கப்பட்டவைதான் ஏ-40உம் முதல் மொறிஸ் மைனரும். ஏ-40இன் அமுக்க விகிதம் 7.2. இக்காலக் கார்களில் அது பத்தையும் தாண்டிவிட்டது. ஒரு தீவின் பஞ்ச காலத்துக்கென்று செய்த எஞ்சின், நாற்பது ஆண்டு கழித்து இன்னொரு தீவின் வடமுனையில் பஞ்சத்துக்கு உதவியது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசையில் நின்றபோது பின்னால் நின்ற பொடியன் ஒருவர், "சேர், முந்தி நீங்கள் மண்ணெண்ணெயில ஓடினியளாம், என்ர காருக்கும் விட்டுப் பாப்பமோ?" என்று கேட்டார். அவரிடம் இருந்தது புதிய ஜப்பான் கார். வேண்டாம் என்று சொல்லி, வரிசை நகரும் வரை மேலே சொன்ன இவ்வளவையும் அவருக்கு விளக்கினேன். பாவம், ஓடவும் வழியில்லை.

எழுபது ஒக்ரேனுக்குச் செய்த எஞ்சினென்றாலும் விளக்கு மண்ணெண்ணெய் அதற்கும் மிகக் கீழே. ஆகையால் எங்கள் மெக்கானிக்மார் இரண்டு வைத்தியம் செய்தார்கள். ஒன்று, டிஸ்ரிபியூற்றரைச் சற்றுத் திருப்பி, தீப்பொறி பிந்தி விழச் செய்வது. மற்றது, எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையில் ஒன்றுக்கு இரண்டு பக்கிங் வைப்பது. கணக்குப் பார்த்தால், சிலிண்டரொன்றுக்கு 300 கன சென்ரிமீற்றர், மேலே மிஞ்சும் அறை 48. ஒரு மில்லிமீற்றர் தடிப்புக் கூடினால் அந்த அறை 52 அளவுக்குப் பெருக்கும், 7.2 என்ற விகிதம் 6.8க்கு இறங்கும். டேற்றனில் மண்ணெண்ணெயின் தட்டலை நிறுத்த எண்ணெயை மாற்றினார்கள். எங்கள் ஊரில் எண்ணெயை மாற்ற வழியில்லை, எஞ்சினைப் பின்னோக்கி நடத்தினார்கள். கெற்றரிங் ஒழித்த கைபிடியும் திரும்ப வந்தது, மிட்ஜ்லி ஒழித்த தட்டலும் திரும்ப வந்தது. அந்த மெக்கானிக்மாரில் பலர் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர்கள்.

ஆயினும் அந்த வைத்தியத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. அதுதான் வல்லை வெளியில் எங்களுக்கு நேர்ந்தது.

அன்று காற்று எதிர்த்தபோது தட்டல் கூடியது. அது வழமை. ஆனால் தொண்டைமானாறு உப்புநீரின்மேல் உள்ள பாலத்தைக் கடந்து, அப்பா காலை எடுத்து வேகத்தைத் தணித்தபோதும் தட்டியது. பாரம் குறைந்தால் கிணுகிணு நிற்கவேண்டும். அது நிற்கவில்லை. சத்தமும் கிணுகிணுவாக இருக்கவில்லை. எனக்கு இவையெல்லாம் அன்று தெரியாது. அப்பாவின் முகம் மாறியது மட்டும் தெரிந்தது. மீதிப் பயணம் முழுவதும் சைக்கிள்கள் எங்களை முந்திப் போயின. பின்னாசனத்தில் கிழவியின் மகள், "அண்ணை, கொஞ்சம் கெதியாப் போகேலாதோ?" என்று இரண்டு தடவை கேட்டா. அப்பா பதில் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்தோம். கிழவியும் பிழைத்து ஐந்தாறு ஆண்டு இருந்தா.

மறுநாள் அப்பா காரைக் கொண்டுபோன கராஜ்காரர் அதிகம் யோசிக்கவில்லை. "மண்ணெண்ணெய்ச் சத்தம்தான், எல்லாற்றை காரும் தட்டுது" என்று டிஸ்ரிபியூற்றரை இன்னும் கொஞ்சம் திருப்பிவிட்டார். இரண்டு நாளில் மறுபடி போனோம். இன்னும் கொஞ்சம் திருப்பினார். தீப்பொறி அளவுக்கு மிஞ்சிப் பிந்தியதால் எஞ்சின் கொதித்தது, வலு குறைந்தது, மண்ணெண்ணெய் கூடச் செலவானது. தட்டல் அப்படியே இருந்தது. அவரை இன்று நான் குறை சொல்லவில்லை. ஊரில் உள்ள எல்லாரும் இருமிக்கொண்டிருக்கும்போது ஒருவருடைய இருமல் மட்டும் சயரோகம் என்று கண்டுபிடிப்பது எளிதன்று.

பிறகுதான் அப்பா கரவெட்டிப் பக்கமிருந்த ஒரு பெரியவரைத் தேடிப்போனார். கராஜ் என்று பெயர்ப்பலகை கிடையாது. மாமரத்தடியும் ஒரு குழியும்தான். பெரியவர் எஞ்சினை எழுப்பச் சொல்லவில்லை. முதலில் கேட்டது, "தம்பி, ஒயில் குறையுதோ?"

"இல்லை அண்ணை. ஒரு சொட்டும் குறையேல்லை. சிலவேளை கூடியும் நிக்குது."

அப்பா இதைப் பெருமையோடு சொன்னார். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "கூடி நிக்குதெண்டால் அது எங்கையிருந்து வந்தது?"

ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து மணந்து பார்த்தார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்தார். பழைய பத்திரிகைத் தாளில் ஒரு சொட்டு விட்டார். நடுவில் கறுப்புப் புள்ளியும் அதைச் சுற்றி அகலமான மஞ்சள் வளையமும் பரவின. "இது ஒயில் இல்லைத் தம்பி. இதில விளக்குத்தான் கொழுத்தலாம்" என்றார்.

சூடு போதாத எஞ்சினில் மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாவதில்லை. மிஞ்சியது சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி, கீழே ஒயிலோடு கலக்கிறது. ஒயில் தண்ணீராகிறது. தண்ணீரான ஒயிலால் பெயாரிங்கைக் காக்க முடிவதில்லை. முதற்சத்தம் எரிபொருளால் வந்தது, உயிருக்கு ஆபத்தில்லாதது. அதன் மறைவில் வளர்ந்ததோ எஞ்சினையே கொல்லும் சத்தம். தண்டு முறிந்தால் எஞ்சின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

அதன்பின்தான் எஞ்சினை எழுப்பினார்கள். மரப்பிடி போட்ட நீண்ட ஸ்குறூட்றைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு அணைத்துக்கொண்டார் பெரியவர். வைத்தியரின் குழாய் மாதிரி. மேலே ரப்பெற் மூடியில் வைத்தார், தலையை ஆட்டினார். பக்கத்தில் வைத்தார். குனிந்து அடியில் வைத்தார். நன்றாகச் சூடேறும் வரை காத்திருந்தார். பிஸ்ரன் ஆடுகிற சத்தமென்றால் சூட்டில் பிஸ்ரன் விரிய அடங்கும், பெயாரிங் சத்தமென்றால் சூட்டில் ஒயில் இளக இன்னும் கூடும் என்று எனக்குச் சொன்னார். சிறுவனுக்கும் விளங்கப்படுத்துகிற மனிதர். சத்தம் கூடியது. இனி எந்தச் சிலிண்டர் என்பது. ஒவ்வொரு பிளக்காக ஸ்குறூட்றைவரால் உடலோடு தொடுத்துத் தீப்பொறியை வெட்டினார். முதலாவது: எஞ்சின் தளர்ந்தது, தட்டல் மாறவில்லை. இரண்டாவது: மாறவில்லை. மூன்றாவதைத் தொட்டதும் 'டொக்டொக்' மெல்லியதாய் மழுங்கியது. அந்தச் சிலிண்டரில் வெடிப்பு இல்லையென்றால் தண்டின்மேல் அடி விழாது, அடி விழாவிட்டால் தளர்ந்த பெயாரிங் தட்டாது.

நோய் எது, அதன் காரணம் எது, தணிக்கும் வழி எது என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்த ஒழுங்கை ஆண்டுதோறும் வகுப்பில் படிப்பிக்கிறேன். படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருவது அந்த மாமரத்தடிதான்.

கீழ்த்தட்டைக் கழற்றியபோது மூன்றாம் பிக் எண்டின் பெயாரிங் ஓட்டில் வெள்ளை உலோகப் பூச்சு உதிர்ந்து உருக்குத் தெரிந்தது. கிராங்கில் கோடு விழுந்திருந்தது. புதிய ஓடு அந்நாளில் எங்கே வாங்குவது? ஓடாமல் கிடந்த வேறொரு ஏ-40இலிருந்து பழைய ஓடுகள் வந்தன. கிராங்கை மெல்லிய எமறித்தாள் நாடாவும் கயிறும் போட்டு அரை நாள் இழுத்து மினுக்கினார். ஓடுகள் சற்றுத் தளர்வு. தண்டின் மூடியை அராவி இறுக்கினால் இலகுவில் முடிந்துவிடும் என்று அப்பா சொன்னார். பலரும் அப்படிச் செய்தார்கள். பெரியவர் சம்மதிக்கவில்லை. "மூடியை அராவினால் பிறகு நல்ல பெயாரிங் கிடைக்கேக்கை போடேலாது தம்பி. எப்பவும் இப்பிடியே இருக்கப் போறமோ?" என்றார். அராவாமல், சிகரெட் பெட்டித் தாளை அளவாக வெட்டி ஓட்டின் பின்னால் வைத்தார். அதுவும் முறையான வேலையல்ல என்று அவரே சொன்னார். விளக்குப் புகைக்கரியை ஒயிலில் குழைத்துக் கிராங்கில் பூசி, மூடி இறுக்கிச் சுற்றி, கழற்றிப் பார்த்து, கரி பட்ட இடத்தை மட்டும் சுரண்டினார். மூன்று நாள். நாலாம் நாள் கார் தட்டாமல் எழும்பியது. அதாவது, கிணுகிணு மட்டும் கேட்டது!

காசு வாங்குமுன் சில கட்டளைகள் இட்டார். றேடியேற்றரின் முன்பக்கத்தைப் பாதிக்கு மட்டையால் மூடவேண்டும், எஞ்சின் சூடாகவே ஓடவேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் ஒயிலைக் குறி அளவுக்கு இறக்கிவிட்டு நல்ல ஒயில் சேர்க்கவேண்டும். நிறுத்துமுன் ஒரு நிமிடமாவது பெற்றோலில் ஓடி, மண்ணெண்ணெயை உலர்த்திவிட்டு நிறுத்தவேண்டும். சூடேறு முன் மண்ணெண்ணெய்க்கு மாறவே கூடாது. இங்கிலாந்தில் மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் ஓடிய பேர்கசன் உழவு இயந்திரங்களுக்கும் இதே முறைகள்தாம் சொல்லப்பட்டன என்பதைப் பின்னாளில் வாசித்தறிந்தேன். அப்பாவோ பெற்றோலைச் சேமிக்கிறோம் என்று நாலு சொட்டோடு நிறுத்தி, குளிர்ந்த எஞ்சினிலேயே மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவார். குறுந்தூர ஓட்டங்களில் கார் ஒருநாளும் சரியாகச் சூடாகியிருக்காது. பெரியவர் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்பா, "பிழை என்னிலைதான்" என்றார். அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டது அதிகமில்லை.

மிட்ஜ்லியின் கதையை அரைவாசியில் விட்டுவிட்டேன். ஈயம் தட்டலை நிறுத்தியது. ஆனால் 1924 ஒக்ரோபரில் நியூ ஜேர்சியிலுள்ள சுத்திகரிப்பு ஆலையில் அந்த ஈயச் சேர்வையைச் செய்த தொழிலாளர் ஐவர் சித்தப் பிரமை பிடித்து இறந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில். அந்த மாத இறுதியில் பத்திரிகையாளர் முன் மிட்ஜ்லி அத்திரவத்தில் கைகழுவி, போத்தலை மூக்கருகே பிடித்து மணந்து காட்டி ஆபத்தில்லை என்றார். அவரே அதற்கு முந்திய ஆண்டு ஈய நஞ்சால் நோயுற்று ஓய்வெடுத்தவர். 1926இல் விற்பனை மீண்டும் தொடங்கியது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகத்துக் கார்களெல்லாம் ஈயப் புகையைக் கக்கின. பிள்ளைகளின் இரத்தத்திலும் மூளை வளர்ச்சியிலும் அதன் கேடு நிரூபிக்கப்பட்ட பின்னரே நாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. இலங்கை 2002இல் கைவிட்டது. கடைசி நாடான அல்ஜீரியா 2021இல். டேற்றனிலும் ஒரு கிணுகிணுவை நிறுத்தி, அதன் மறைவில் பெரிய நோயொன்றை வளரவிட்டார்கள். எங்கள் முதற் கராஜ்காரருக்கு ஐந்தே நாளில் பிழை தெரிந்துவிட்டது. அவர்களுடைய பிழை தெரிந்து திருந்த ஒரு நூற்றாண்டு சென்றது.

அந்த ஒஸ்ரின் பின்னும் ஓடியது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்த நாட்களில் எங்களிடம் வந்த உறவினரையும் அவர்களுடைய மூட்டைகளையும் அதுதான் ஏற்றி இறக்கியது. 2002இல் யுத்த நிறுத்தம் வந்து, சித்திரையில் ஏ-9 வீதி திறந்தது. பெற்றோல் தாராளமாய் வந்தது, ஈயமில்லாத பெற்றோல். அப்பா கொழும்பிலிருந்து புதிய பெயாரிங் ஓடுகள் எடுப்பித்துக்கொண்டு பெரியவரிடம் போனார். நானும் கூடப் போனேன். அப்போது நான் பல்கலைக்கழக மாணவன். பெரியவருக்குக் கண் மங்கியிருந்தது, வேலையை அவருடைய மகன் செய்தார். சிகரெட் தாளைக் கழற்றி எறிந்தார்கள். அராவாத மூடியில் புதிய ஓடுகள் அளவாக இருந்தன. இரட்டைப் பக்கிங்கில் ஒன்றை எடுத்தார்கள்.

எஞ்சின் எழும்பியபோது பெரியவர் ஸ்குறூட்றைவரைக் கேட்டு வாங்கி, தடவித் தடவி நுனியை வைத்து, பிடியைக் காதில் அணைத்தார். நெடுநேரம் அப்படியே நின்றார்.

"ரப்பெற் மட்டும்தான் கேக்குது தம்பி" என்றார் அப்பாவிடம். "அது கேக்கத்தான் வேணும். அதைத் தொடாதை."